கேள்விக்குறிகளை எண்ணிய வழக்கு

எதிராளியின் மறுமொழியில் ஒரு பந்தி எனக்கு இன்னும் மனப்பாடம். வழக்காளி சொல்லும் அளவுக்கு அந்த இணையத்தளத்தில் ஒருபோதும் எதுவும் இருக்கவில்லை. இருந்தவை ஒரு வரவேற்புப் பக்கமும் சில படங்களும் மட்டுமே. அதற்கு மேல் இருந்ததாகச் சொல்வதை வழக்காளி எண்பிக்கக் கடவர்.

எண்பிக்கத்தான் வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு அந்தச் சுமையை வழக்கைக் கொண்டுவந்தவர் தலையில்தான் வைக்கிறது. மட்டக்களப்பின் படுவான்கரையில் மாடு களவுபோனால் குறியைச் சொல்லலாம், நிறத்தைச் சொல்லலாம், மேய்ச்சல் தரையில் கண்ட நாலு பேரைக் கூட்டி வரலாம். அழிந்துபோன இணையத்தளத்துக்கு எதைச் சொல்வது? அது இருந்ததற்கான அத்தாட்சியும் அதற்குள்தான் இருந்தது.

கட்சிக்காரர்கள் வவுணதீவுக்கு அப்பால், மண்முனை மேற்கில் ஒரு கிராமத்துக் கூத்துக்காரர்கள். அவர்களிடம் பரம்பரையாக வந்த வடமோடி, தென்மோடிக் கொப்பிகள் இருந்தன. 2007 இடப்பெயர்வில் அவற்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். 2011 ஜனவரி வெள்ளம் அந்தச் சாக்கைத் தேடி வீட்டுக்கே வந்தது. மிஞ்சிய தாள்களைக் காயவைத்து, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மகன்தான் முதலில் சொன்னானாம்: இனி இதைக் கடதாசியில் வைத்திருக்கக் கூடாது. சுவிஸில் இருக்கும் உறவினர் ஒருவர் இணையத்தளத்துக்கான வருடக் கட்டணத்தை ஏற்றார். பொடியன்கள் இரவிரவாகப் பாட்டுகளைத் தட்டச்சு செய்தார்கள். சதங்கை அணி விழா, அரங்கேற்றம் என்று படங்கள் ஏறின. அண்ணாவியாரும் பழைய பாட்டுக்காரர்களும் பாடிய ஒலிப்பதிவுகளும் ஏறின. பாடியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

கூத்துக்காரர்களின் கழகம் வழக்குப் போட முடியாது. அது சட்டத்தின் கண்ணில் ஆள் அல்ல. நல்லவேளையாக, தளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம், அதாவது எங்கள் எதிராளி, தந்த பற்றுச்சீட்டெல்லாம் மகனின் பெயரில் இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் இடவாடகை, பாதுகாப்புச் சான்றிதழ், அவற்றுக்குக் கீழே ‘தினசரி பெக்கப்’ என்று மூன்றாவது வரி. அதற்குத் தனி விலை போட்டிருந்தார்கள். வழக்கின் வேர் அந்த வரிதான்.

2023 தொடக்கத்தில் ஒரு காலை தளம் வெள்ளைத்தாளாகத் திறந்தது. எழுத்தில்லை, படமில்லை, பிழைச் செய்திகூட இல்லை. காரணம் சின்னது. தளம் வேர்ட்பிரஸில் கட்டப்பட்டது; வேர்ட்பிரஸ் பி.எச்.பி. என்ற நிரல் மொழியில் ஓடுவது. அந்த மொழியின் 7.4ஆம் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பர் 28உடன் நின்றது. அதனால் நிறுவனம் தன் சேர்வரை எட்டாம் பதிப்புக்கு மாற்றியது. மாற்றியதில் குற்றமில்லை, மாற்றாமல் விட்டிருந்தால்தான் குற்றம். ஆனால் தளத்தின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’ பழையது. எட்டாம் பதிப்பு கைவிட்ட ஒரு கட்டளை அதற்குள் எங்கோ ஒரு வரியில் கிடந்தது. அந்த வரியில் முழுத்தளமும் நின்றுபோனது.

வந்தாறுமூலையில் கணினி கற்பிக்கும் ஒருவர் எங்கள் நிபுணத்துவச் சாட்சி. இப்படியான நேரத்தில் கைவைக்கும் வரிசையை அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். முதலில், உடைந்து கிடப்பதை உடைந்தபடியே பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும். அடுத்து சேர்வரின் பிழைப் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். எந்தக் கோப்பில் எத்தனையாம் வரி என்று அதுவே சொல்லும். அதற்கும் அடுத்து, கடைசியாக எதை மாற்றினோமோ அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இங்கே பதிப்பை 7.4க்குத் திருப்பியிருந்தால் தேநீர் ஆறுவதற்குள் தளம் எழும்பியிருக்கும். பிறகு ஆறுதலாகத் தீமைத் திருத்தியிருக்கலாம்.

நிறுவனத்தின் ஊழியர் பிழைப் பதிவைப் பார்க்கவில்லை. செருகுநிரல்கள் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிப் பார்த்தார். வேர்ட்பிரஸ்காரர்கள் வழக்கமாகச் செய்வது அது. கோளாறு தீமில் இருந்ததால் பலனில்லை. பிறகு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு பெக்கப்பை ஏற்றினார்.

பெக்கப் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஏழு நாளுக்கு ஏழு பிரதி, திகதி போட்டு வரிசையாக. ஆனால் ஏழும் அதே சேர்வரில், அதே கணக்கில், அதே வட்டில். ஒவ்வொரு இரவும் முதலில் தரவுத்தளம் எழுதப்படும். அது சின்னது, முடிந்துவிடும். பிறகு படங்களும் ஒலிப்பதிவுகளும் ஒரு ஸிப்பாகக் கட்டப்படும். கணக்குக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியதும் ஸிப் பாதியில் அறுந்துவிடும். ஸிப்பின் உள்ளடக்க அட்டவணை அதன் வாலில் இருப்பது. வால் இல்லாத ஸிப் விரியாது. மாதக்கணக்காக இப்படி அறுந்த ஸிப்புகளே சேர்ந்து, நல்லவை ஏழு நாளில் ஒவ்வொன்றாக அழிந்து, கடைசியில் ஏழும் அறுந்தவையாகிவிட்டன.

சின்னதாக முடிந்துவிட்ட தரவுத்தளமாவது பிழைத்ததா? அதைத் திறந்தபோது அங்கே தமிழ் இல்லை. வரி வரியாகக் கேள்விக்குறிகள். சில வருடங்களுக்கு முன் சேர்வர் மாற்றியபோது, பிரதி எடுக்கும் கட்டளையில் எழுத்துக் குறியாக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலுக்கு என்று அமைந்துவிட்டது. அந்தப் பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக கணினி ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. தளத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது, பிரதியில் மட்டும் ஒன்றும் இல்லை. வருடக்கணக்காக யாரும் கவனிக்கவில்லை.

தமிழ் பார்ப்பவர்கள் பலருக்கு வேறொரு கோளாறும் பழக்கம்: தமிழ் இருந்த இடத்தில் தலையில் கோடும் புள்ளியும் வைத்த இலத்தீன் எழுத்துகள் குவிந்து கிடக்கும். அது பார்க்க அசிங்கம், ஆனால் நல்ல சகுனம் என்றார் நிபுணர். ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளாக இருக்கும். அந்த மூன்றும் வேறு முகத்தோடு அங்கேயே இருக்கின்றன, திருப்பி எடுக்கலாம். கேள்விக்குறியில் திருப்ப எதுவும் இல்லை.

பொடியன்கள் முதலில் கேட்டது பொலிஸை. அது நியாயமான கோபம். 2021 ஜூலையில் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அரச கிளவுட்டிலிருந்து அழிந்துபோய், குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, கைதுவரை போனது எல்லாரும் செய்தியில் பார்த்ததுதான். ஆனால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதிகாரமில்லாமல் நுழைபவனையும் தெரிந்து கெடுப்பவனையும் பிடிக்க வந்த சட்டம். இங்கே அழித்தவருக்கு அழிக்க அதிகாரம் இருந்தது. கெடுக்கும் எண்ணம் இருக்கவில்லை. கவனயீனத்துக்கு விலங்கு மாட்டச் சொல்லி நான் எழுதித்தர மாட்டேன் என்றேன். அவர்களுக்கு என்மேல் கொஞ்ச நாள் மனத்தாங்கல்.

அடுத்தது எவ்வளவு கேட்பது என்பது. அண்ணாவியார் மகனுக்குப் பின்னால் கதவோரம் இருந்து கேட்டார்: “எங்கட மனவருத்தத்துக்கு ஒண்டும் கிடையாதா மகன்?” கிடையாது. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சு வழி வந்தது. ஒப்பந்தத்தை மீறினால் பொருள் நட்டத்துக்குத்தான் ஈடு, மனநோவுக்கு இல்லை. இறந்துபோன ஒருவர் பாடிய பாட்டின் ஒலிப்பதிவுக்குச் சந்தையில் விலை இல்லாததால் சட்டத்திலும் விலை இல்லை. முப்பது வருடமாக இந்தச் சட்டத்தில் பிழைக்கிறவன் நான். என்றாலும் அதன் இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது. கட்டிய கட்டணம், மறுபடி தட்டச்சு செய்யும் கூலி, மறுபடி பதிவுசெய்யும் செலவு என்று கூட்டிப் பார்த்தால் ஐந்து இலட்சத்துக்குள் நின்றது.

ஐந்து இலட்சத்துக்குள் என்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டமும் 2016இல் வந்த திருத்தமும் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்கின்றன. அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை. எங்களை வெளியே நிறுத்திவிட்டு நியாயம் பேசும் இடம் அது. ஒரு வகையில் சரியான ஏற்பாடு என்றுதான் சொல்வேன். மத்தியஸ்தர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நிறுவனக்காரர் தாங்கள் ஒரு நாளும் தவறாமல் பெக்கப் எடுத்ததாகப் பட்டியலைக் காட்டியதும் அவர் கேட்டாராம், “எடுத்ததை எப்பவாவது திறந்து பார்த்தீங்களா தம்பி?” பதில் வரவில்லையாம். கட்சிக்காரர் இதைச் சொன்னபோது எனக்கு உள்ளூரப் பொறாமை. என் முழு வழக்கும் அந்த ஒரு கேள்விதான். ஆனால் மத்தியஸ்த சபையில் சொன்னதையோ சொல்லாமல் விட்டதையோ நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. இணக்கமின்மைச் சான்றிதழோடு வந்தார்கள். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குரையைத் தாக்கல் செய்தோம்.

மறுமொழியில் வந்ததுதான் முதலில் சொன்ன பந்தி. எங்களிடம் ஒரு கையெழுத்துப் பட்டியல் இருந்தது. எந்தத் திகதியில் எதை ஏற்றினோம் என்று மகன் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தான். எதிர்த்தரப்பு அதை வழக்குக்காக எழுதியது என்று சொல்லும் என்பது தெரிந்ததே. ஆகவே எதிராளியின் வட்டில் கிடந்த ஏழு தரவுத்தளப் பிரதிகளையும் கேட்டு வாங்கினோம். எதற்கும் உதவாத குப்பை என்ற எண்ணத்தில் தடையில்லாமல் தந்தார்கள்.

இங்கே ஒரு சிறு சட்டக்கதை. 1978-79ஆம் ஆண்டுகளின் சட்ட அறிக்கையில் உள்ள பென்வெல் வழக்கில், கணினி அச்சுப்பிரதிக்கு நம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்க 1995இல் 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கணினிச் சாட்சியம் என்றால் விளக்கத்துக்கு 45 நாளுக்கு முன் மற்றத் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிறகு 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்து வாசலை இன்னும் அகலமாக்கியது. எந்தச் சட்டம் எங்கே பொருந்தும் என்று எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. நான் சண்டைக்குப் போவதில்லை. இரண்டுக்கும் ஏற்றபடி அறிவித்தலை முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் படுவான்கரைத் தெருக்கள் மூழ்கிக் கிடந்தபோது ஒரு தவணை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில்தான் நிபுணர் குப்பையைக் கிளறி முடித்தார்.

அவர் கண்டது இரண்டு விடயம். முதலாவது, வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பிலிருந்தே ஒரு முகவரி உண்டாக்கும். தலைப்பு தமிழென்றால் அந்த முகவரியைத் தமிழில் வைக்காது. ஒவ்வொரு குறியையும் வீத அடையாளமும் இலக்கமும் ஆங்கில எழுத்துமாகப் பிரித்து வைக்கும். பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருக்கும். ஆனால் அதில் இருப்பதெல்லாம் மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் உள்ள சாதாரண எழுத்துகள் என்பதால் கேள்விக்குறியாகும் விதி அதைத் தொடவில்லை. அவர் கிறுக்கலைத் திருப்பி எழுதினார். அல்லி நாடகம், இராம நாடகம், அருச்சுனன் தபசு என்று தலைப்புகள் திகதியோடு வரிசையாக எழுந்து வந்தன. நீளமான தலைப்புகள் மட்டும் இருபத்திரண்டு குறியளவில் வெட்டுப்பட்டிருந்தன; முகவரிக்கு உள்ள இட அளவு அவ்வளவுதான். சீ.ஆர். கொப்பியோடு ஒப்பிட்டால் திகதிக்குத் திகதி பொருந்தியது.

இரண்டாவது, கேள்விக்குறிகள். ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி. சொற்களுக்கிடையில் உள்ள இடைவெளியும் வரி முறிவும் அப்படியே இருந்தன. அதாவது பாட்டு போனாலும் பாட்டின் அளவு போகவில்லை. சில பக்கங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தப்பியிருந்தன, தமிழோடு. அவற்றில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர், எனக்கு மூத்தவர். குறுக்கு விசாரணையில் எழுந்ததும் நேரே தலைப்பில் கைவைத்தார்.

“அல்லி என்பதில் எத்தனை எழுத்து?”

“தமிழ்ப் பாடத்தில் மூன்று.”

“இந்த ஆவணத்தில் அந்த இடத்தில் எத்தனை கேள்விக்குறி?”

“ஐந்து.”

“நாடகம்?”

“பாடத்தில் நாலு. இங்கே ஆறு.”

அவர் நீதிபதியைப் பார்த்துத் தலைவணங்கி உட்காரப் போனார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று என் பின்னாலிருந்த பொடியன்கள் நினைத்திருப்பார்கள். நான் மீள்விசாரணைக்கு எழும்புவதற்குள் நீதிபதியே நிபுணரிடம் கேட்டார், ஏன் ஐந்து என்று. நிபுணர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கணினிக்கு அகரம் ஒன்று, லகரம் ஒன்று, அதன் மேலுள்ள புள்ளி ஒன்று, அடுத்த லகரம் ஒன்று, இகர விசிறி ஒன்று. ஆக ஐந்து. நாடகத்தில் காலுக்கு ஒன்று, மகரத்தின் புள்ளிக்கு ஒன்று கூடும். ஆக ஆறு. பிறகு நீதிபதி தானே பேனையை எடுத்து வேபேக் பிரதியின் அடுத்த வரியை எண்ணத் தொடங்கினார். மன்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணி முடித்து, கேள்விக்குறி வரியோடு ஒப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணிப் பொய்யாக யாராவது கேள்விக்குறி அடித்திருந்தால் மூன்றும் நாலுமாகத்தான் இருந்திருக்கும். மூத்தவர் கேட்ட கேள்வியே அந்த ஆவணத்துக்கு அத்தாட்சியாகிவிட்டது.

அவர் அதோடு விடவில்லை. அரசாங்கத்துக்கே நடக்காததா என்றார். 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரச கிளவுட்டின் மின்னஞ்சல்களைக் கப்பம் கேட்கும் நிரல் ஒன்று பூட்டியது. ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீளவில்லை. இணைப்பிலேயே வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அரசாங்கத்தால் முடியாததை மட்டக்களப்பின் சிறு நிறுவனத்திடம் எதிர்பார்க்கலாமா? கேட்க நன்றாக இருக்கும் வாதம். ஆனால் அயலான் வேலி விழுந்ததால் என் வேலிக்கு நான் பொறுப்பில்லை என்று ஆகாது. அதுவும் வேலி போடக் காசு வாங்கிய பிறகு.

நான் பிரான்ஸ் வழக்கொன்றைச் சொன்னேன். நம்மைக் கட்டுப்படுத்தாது, யோசிக்க உதவும் என்ற முன்னுரையோடு. 2021 மார்ச் 10 ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பிடித்தது. பிரான்ஸ் பட்டி கூர்ட்டாஜ் என்ற வாடிக்கையாளர் பெக்கப்புக்குத் தனியாகக் காசு கட்டியிருந்தார். பிரதிகள் மூலத்திலிருந்து பௌதிக ரீதியில் பிரித்து வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. பிரதிகளும் அதே இடத்தில் எரிந்தன. தீ தங்கள் கைமீறிய செயல் என்றது நிறுவனம். 2023 ஜனவரியில் லில் நகர வணிக நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் கட்டச் சொன்னது. எங்கள் எதிராளிக்குத் தீகூட இல்லை. பிரதி எடுப்பதற்காக மட்டும் யாரும் காசு கட்டுவதில்லை, கெட்டால் திரும்பி வருவதற்காகக் கட்டுகிறார்கள். ஒருமுறையேனும் ஏற்றிப் பார்க்காத பிரதியைக் காட்டிக் கவனமாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. என் சமர்ப்பணத்தின் சாரம் இவ்வளவுதான்.

அடுத்த தவணைக்கு முன் மூத்தவர் தொலைபேசியில் அழைத்தார். சமரசம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் பதிவானது. வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது. மறுபதிவுச் செலவுக்கு ஒரு தொகை, தவணைகளில். வட்டிலுள்ள எல்லாவற்றையும் பிழைப் பதிவோடு ஒப்படைப்பது. தொகை நான் கேட்டதை விடக் குறைவு. ஆனால் நாங்கள் வைத்த நான்காவது நிபந்தனையை அவர்கள் ஏற்றதால் நான் இழுக்கவில்லை: புதிய சேர்வரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெற்றுக் கணினியொன்றில் பிரதியை ஏற்றி, கட்சிக்காரருக்குத் திறந்து காட்ட வேண்டும். முதல் தடவையே ஒலிப்பதிவுக் கோப்புறை விடுபட்டிருந்தது தெரியவந்து அன்றே திருத்தினார்கள்.

படங்களில் பெரும்பகுதி போன்களிலிருந்து வந்தது, வட்ஸ்அப் சுருக்கிச் சின்னதாக்கிய அளவில். சுவிஸ் உறவினரின் ஹாட் டிஸ்க்கில் கொஞ்சம் ஒலிப்பதிவு கிடைத்தது. இறந்தவர்களில் ஒருவரின் குரல் அதில் இருந்தது, மற்றவரின் குரல் எங்கும் இல்லை. பாட்டுகளுக்கு ஒரு வழி பிடித்தார்கள். அண்ணாவியார் நினைவிலிருந்து பாடுவார், மகன் தட்டச்சு செய்வான், நிபுணர் எழுதிக் கொடுத்த சிறு நிரல் ஒவ்வொரு வரியையும் பழைய கேள்விக்குறி வரியோடு ஒப்பிடும். அளவு பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு.

ஒருநாள் இரண்டு பேரும் என் கந்தோருக்கு வந்தார்கள், சண்டையோடு. அல்லி நாடகத்தில் ஒரு வரி சிவப்பிலேயே நிற்கிறது. ஒரு சொல் குறைகிறது என்கிறான் மகன். “குறையிறது நானில்ல,” என்றார் அண்ணாவியார். “அண்டைக்கு இவன்தான் கூடுதலா அடிச்சிருக்கான். நான் பாடினதக் கேக்காம இந்தக் கேள்விக்குறியக் கேட்டுக்கிட்டு இரிக்கான்.”

மகன் என்னைப் பார்த்தான். “சட்டப்படி எது சேர் மூலப்பிரதி?”

முந்தின பிரதி ஆவணச் சாட்சியம், அதை எளிதில் தள்ள முடியாது என்று விளக்கத் தொடங்கினேன். அண்ணாவியார் அதற்குள் மேசையில் தாளம் போட்டு அந்த வரியைப் பாடிக் காட்டினார். தாளம் அவர் பக்கம்தான் இருந்தது. அவர் பாடியதையே போடச் சொன்னேன். சிவப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று.